கணக்குத் தப்பாத பொய்கள்

1965 ஜூன் 3ஆம் தேதி. ஜெமினி 4 விண்கலம் சுற்றுப்பாதையைத் தொட்ட சிறிது நேரத்தில், அதைச் சுமந்து வந்த டைட்டன் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு கழன்று, பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அதன் அருகே போய் நிற்பது கலத்தின் தளபதி ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று. போர் விமானம் ஓட்டிப் பழகிய கை. கலத்தின் மூக்கை அடுக்கை நோக்கித் திருப்பினார், உந்துபொறியை இயக்கினார். கிட்டே வரவேண்டிய அடுக்கு விலகிப் போனது. மறுபடி உந்தினார். மறுபடி விலகியது. எரிபொருளில் ஏறக்குறைய பாதி தீர்ந்த பிறகு, போதும் என்று விட்டுவிட்டார்கள்.

சுற்றுப்பாதையில் வேகத்தைக் கூட்டினால் கலம் மேலே ஏறும். மேலே ஏறிய கலத்துக்குப் பூமியை ஒருமுறை சுற்ற அதிக நேரம் பிடிக்கும். ஆகவே முன்னால் போகிற ஒன்றைப் பிடிக்க வேகமெடுப்பவர் பின்தங்கிவிடுவார். பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். சைக்கிளிலும் பஸ்ஸிலும் வளர்ந்த மூளை இதை லேசில் ஒப்புக்கொள்ளாது. நாசாவுக்கும் சில மாதங்கள் தேவைப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 15 அன்றுதான் ஜெமினி 6, ஜெமினி 7ஐ ஓர் அடி தூரம் வரை நெருங்கியது.

தேர்ந்த விமானியையே ஏமாற்றிய இந்த இயற்பியலை, பள்ளி விட்டு வந்து பையை வீசிவிட்டு கம்ப்யூட்டர் முன் உட்காரும் ஒரு பிள்ளையின் கையில் எப்படிக் கொடுப்பது? விண்வெளி வீடியோ கேம் செய்பவர்களுக்கு அறுபது ஆண்டுகளாக இதே தலைவலி. உண்மையைக் கூட்டினால் சுவாரசியம் குறையும், சுவாரசியத்தைக் கூட்டினால் உண்மை குறையும் என்று இதை ஒரு தராசாகப் பார்ப்பது வழக்கம். ஆட்டங்களின் வரலாற்றைப் புரட்டினால் தராசுக் கணக்கு ஒத்துவருவதில்லை. கடும் உண்மையைக் கொடுத்து லட்சக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்ட ஆட்டம் உண்டு. அதே உண்மையைக் கொடுத்து ஆட்டக்காரர்களுக்கு எரிச்சலூட்டிய ஆட்டமும் உண்டு. தான் செய்யும் செயல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஆட்டக்காரரால் முன்கூட்டி ஊகிக்க முடிகிறதா? வேறுபாடு அந்தக் கேள்வியில் இருக்கிறது.

முதல் ஆட்டத்திலேயே இது தெரிந்துவிட்டது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பிடிபி-1 கம்ப்யூட்டரில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் எழுதிய ‘ஸ்பேஸ்வார்’ ஆட்டத்தில் இரண்டு கலங்கள் ஒன்றையொன்று சுடும். உந்துதலை நிறுத்தினாலும் கலம் நிற்காது. போன திசையிலேயே போய்க்கொண்டிருக்கும். வெற்றுத் திரையில் இது மட்டும் இருந்தபோது ஆட்டம் சப்பென்று இருந்தது. டான் எட்வர்ட்ஸ் என்ற நண்பர் நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்து அதற்கு ஈர்ப்பு விசை கொடுத்த பிறகு களை கட்டியது. நட்சத்திரத்தை ஒட்டி வளைந்து போய் எதிராளியின் முதுகுப் பக்கம் தோன்றலாம் என்ற தந்திரம் பிறந்தது. உண்மையைக் கூட்டியதால் சுவாரசியமும் கூடியது. மொத்த விண்வெளியும் ஒரே திரைக்குள் இருந்ததால் வளைவு எங்கே முடியும் என்பதைக் கண்ணாலேயே அளந்துவிட முடிந்தது.

அதிலும் ஒரு பொய் இருந்தது. குண்டுகளுக்கு ஈர்ப்பு கிடையாது, நேர்கோட்டில் போகும். ஒவ்வொரு குண்டுக்கும் ஈர்ப்புக் கணக்குப் போட அந்த இயந்திரத்துக்கு நேரம் போதவில்லை. ஆனால் பின்னணி வானத்தை பீட்டர் சாம்சன் என்பவர் உண்மையான நட்சத்திர அட்டவணையை வைத்து, இடமும் ஒளியும் பிசகாமல் போட்டுக் கொடுத்தார். குண்டு பொய், வானம் மெய். இந்தக் கலவை இன்றுவரை மாறவில்லை. 1979இல் அட்டாரி வெளியிட்ட ‘ஆஸ்டிராய்ட்ஸ்’ கலத்துக்கு நிலைமத்தைக் கொடுத்தது. கூடவே, விண்வெளியில் இல்லாத உராய்வையும் துளி சேர்த்தது. கையை எடுத்தால் கலம் மெல்ல மெல்ல நிற்கும். காசு போட்டு ஆடுகிறவர் தன் வேகத்தாலேயே செத்துக்கொண்டிருந்தால் அடுத்த காசு விழாது அல்லவா?

சண்டை என்று வந்துவிட்டால் சிக்கல் வேறு மாதிரி. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் விண்வெளிச் சண்டைகளை வடிவமைக்க ஜார்ஜ் லூக்காஸ் இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைப் படச்சுருள்களை வெட்டி ஒட்டி மாதிரியாக வைத்துக்கொண்டார். 1977இல் அந்தப் படம் வந்த பிறகு, விண்கலம் என்றால் சாய்ந்து திரும்பும், வால்பக்கம் துரத்தும் என்பது உலகத்தின் பொதுப்புத்தியாகிவிட்டது. 1990இல் கிறிஸ் ராபர்ட்ஸின் ‘விங் கமாண்டர்’ ஆட்டமும் அதே விமானத்தைத்தான் காற்றில்லாத இடத்தில் பறக்கவிட்டது. அதற்கு முன்பே, 1984இல், டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரின் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களை அடைத்து ‘எலைட்’ செய்திருந்தார்கள். அதிலும் கலம் மூக்கு காட்டும் திசையில்தான் போகும்.

பிராபெனுக்கு இது உறுத்தியிருக்க வேண்டும். 1993இல் வந்த அடுத்த பாகமான ‘ஃபிரான்டியர்’ ஆட்டத்தில் நியூட்டனின் விதிகளை முழுதாக இறக்கினார். கோள்கள் உண்மையான அளவில் இருந்தன. கலத்தின் மூக்கு ஒரு பக்கம், பயணம் இன்னொரு பக்கம் என்று போக முடிந்தது. ஒரு கோளின் நிலாவிலிருந்து புறப்பட்டு அடுத்த கோளின் துறைமுகத்தில் இறங்கும் அனுபவம் அன்றைக்கு வேறு எதிலும் கிடைக்காதது. சண்டை மட்டும் சொதப்பியது. இரண்டு கலங்கள் எதிரெதிரே பாய்ந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்து, பல கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி, மறுபடி பாய்ந்து வரும். குதிரையேறி ஈட்டி நீட்டி மோதும் பழைய ஐரோப்பியப் பந்தயம் போல் இருக்கிறது என்று ரசிகர்களே அலுத்துக்கொண்டார்கள்.

இதில் நிரலாளர் தவறு ஏதுமில்லை. கொஞ்சம் கணக்குப் போட்டால் தெரியும். இரண்டு கலங்களின் சார்பு வேகம் நொடிக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விண்வெளியில் அது சாதாரணம். நொடிக்கு 60 படங்கள் காட்டும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எதிரி 167 மீட்டர் நகர்ந்திருப்பார். ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் அவர் வந்து போக ஆகும் நேரம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணால் கண்டு விரலால் பொத்தானை அழுத்தவே மனிதனுக்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் வேண்டும். ஊகிக்கவும் இடமில்லை, திருத்தவும் இடமில்லை. உண்மை அங்கே வெறும் மினுக்கலாகிவிடுகிறது.

2014இல் வெளிவந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது. நம் பால்வெளியை ஏறத்தாழ 40,000 கோடி நட்சத்திரங்களோடு முழு அளவில் எழுப்பினார்கள். சண்டையில் மட்டும் கலங்களுக்கு நொடிக்குச் சில நூறு மீட்டர் என்று வேக வரம்பு போட்டார்கள். அதற்கு எந்த இயற்பியலிலும் இடமில்லை. போதாததற்கு, வேகமானியின் நடுவில் ஒரு நீலப் பகுதி. அந்த வேகத்தில் இருந்தால்தான் கலம் நன்றாகத் திரும்பும். காற்றே இல்லாத இடத்தில் விமானத்தை மறுபடி பிறப்பித்துவிட்டார்கள். விரும்புகிறவர்கள் பறத்தல் உதவியை அணைத்துவிட்டு நிலைமத்தோடு மல்லுக்கட்டலாம். வேக வரம்பு அப்போதும் போகாது. சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும். துரத்துவதும் தப்பிப்பதும்தான் ஆட்டம் என்றால், துரத்தல் நிகழும் அளவுக்கு உலகம் மந்தமாக இருந்தாக வேண்டும்.

தூரத்தில் மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆல்ஃபா சென்டாரியில் ‘ஹட்டன் ஆர்பிட்டல்’ என்று ஒரு நிலையம். கலம் போய் வெளிப்படும் நட்சத்திரத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி. ஒளியைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே போனால் விலையுயர்ந்த கப்பல் ஒன்று இலவசம் என்று பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களை அனுப்பிவைப்பார்கள். போய்ச் சேர்ந்தால் அப்படி எதுவும் கிடையாது. விண்வெளி எவ்வளவு பெரியது என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு கடுப்போடு உணர்த்தியதில்லை.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003இல் தொடங்கிய ‘ஈவ் ஆன்லைன்’ நேரெதிர். அங்கே விண்வெளி கிட்டத்தட்ட ஒரு திரவம். எஞ்சினை அணைத்தால் கப்பல் நின்றுவிடும். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதும் ஆட்டத்தில் சர்வர் நொடிக்கு ஒரு முறை எல்லோருடைய இடத்தையும் கணக்கிட்டாக வேண்டும். 2012இல் அவர்கள் கொண்டுவந்த தீர்வு விசித்திரமானது: கூட்டம் கூடினால் காலத்தையே மெதுவாக்குவது. 2014 ஜனவரியில் நடந்த பி-ஆர்5ஆர்பி போரில் காலம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஊர்ந்தது. போர் 20 மணி நேரத்துக்கு மேல் நீடித்தது. ஐன்ஸ்டைனுக்குச் சம்பந்தமில்லாத காலநீட்சி.

இந்தக் கதையில் அதிக நேரம் நின்று பார்க்க வேண்டியது ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’. மெக்சிகோ நகரில் ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பிரேசில்காரர் ஃபெலிப்பே ஃபலாங்கே, கேம் செய்யப் போகிறேன் என்று வேலையை விடக் கிளம்பினார். நிறுவனம் அவரை அங்கேயே வைத்துச் செய்யச் சொன்னது. 2011 ஜூனில் முதல் வடிவம் வெளியானது. 2015 ஏப்ரலில் முழு வடிவம். பச்சை நிறக் குட்டி மனிதர்களுக்கு ராக்கெட் கட்டிக் கொடுத்து, கெர்பின் என்ற கோளிலிருந்து விண்ணுக்கு அனுப்ப வேண்டும். பெரும்பாலும் வெடிக்கும். சிரிப்பு வரும். மறுபடி கட்ட வேண்டும்.

ஃபலாங்கே சொன்ன பொய்களின் நேர்த்தியைப் பாருங்கள். கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர். பூமியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தரையில் ஈர்ப்பு பூமியினுடையதே. அப்படியானால் கோளின் அடர்த்தி பூமியைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். தனிமங்களிலேயே அடர்த்தி மிக்க ஆஸ்மியத்தைவிட இரண்டரை மடங்கு. இயற்கையில் இப்படியொரு கோள் இருக்க வழியில்லை. ஆட்டக்காரர் யாரும் இதைக் கவனிப்பதில்லை, கவனிக்கத் தேவையுமில்லை. கோள் சிறியதானதால் சுற்றுப்பாதைக்குப் போகத் தேவையான மொத்த வேகமாற்றம் நொடிக்குச் சுமார் 3,400 மீட்டராகச் சுருங்கியது. பூமியில் அது 9,400.

மூன்றில் ஒரு பங்காகத்தானே குறைந்தது என்று தோன்றலாம். ஆனால் சியோல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாடு அடுக்குக்குறிச் சமன்பாடு. நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் புகை கக்கும் எஞ்சினை வைத்துக் கணக்கிட்டால், ஒரு டன் கலத்தைப் பூமியிலிருந்து ஏற்ற ஏறக்குறைய 22 டன் எரிபொருள் வேண்டும். கெர்பினிலிருந்து ஏற்ற 2 டன் சொச்சம் போதும். கோணல்மாணலாக, கையில் கிடைத்ததை ஒட்டிக் கட்டிய ராக்கெட்டும் கெர்பினில் மேலே போய்விடும். அங்கே தாழ்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் அரை மணிதான். பூமியில் ஒன்றரை மணி. விதி எதையும் அவர் தொடவில்லை. எண்களை மட்டும் மாற்றினார். அதனால் ஆட்டத்தில் கற்றது வெளியேயும் செல்லும்: வேகம் கூட்டினால் பின்தங்குவோம் என்ற மெக்டிவிட்டின் பாடம் உட்பட.

எண் மாற்றத்தின் உச்சம் அயனி எஞ்சின். 2011இல் வெஸ்டா சிறுகோளுக்கும் 2015இல் சீரிஸ் குறுங்கோளுக்கும் போன நாசாவின் டான் விண்கலத்தில் இருந்த அயனி எஞ்சினின் உந்துவிசை அதிகபட்சம் 0.09 நியூட்டன், உள்ளங்கையில் ஒரு தாளை வைத்தால் தெரியும் எடை அவ்வளவே. பூஜ்யத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட அதற்கு நான்கு நாள் ஆகும். கெர்பலில் அதே பெயர் கொண்ட எஞ்சினின் உந்துவிசை 2,000 நியூட்டன். இருபதாயிரம் மடங்குக்கு மேல் ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். ஆட்டத்தில் காலத்தை லட்சம் மடங்கு வரை ஓட்டலாம்தான். ஆனால் அந்த வேகத்தில் எஞ்சின் எரியாது. உண்மை அளவை வைத்திருந்தால் ஆட்டக்காரர் நாள்கணக்கில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டரும் தன் பங்குக்குப் பொய் கேட்டது. இத்தகைய ஆட்டங்களில் இடத்தைக் குறிக்க வழக்கமாகப் பயன்படும் 32 பிட் எண்ணில் ஏழு இலக்கத் துல்லியம்தான் உண்டு. மையப் புள்ளியிலிருந்து 8,389 கிலோமீட்டர் தாண்டிவிட்டால் ஒரு மீட்டருக்குக் குறைந்த நகர்வை அந்த எண்ணால் சொல்லவே முடியாது. திருகாணி அளவு பிழைகள் சேர்ந்து சேர்ந்து, நன்றாகப் போய்க்கொண்டிருந்த கலம் திடீரென்று நடுங்கித் துண்டுதுண்டாகச் சிதறும். ஆட்டக்காரர்கள் அந்தப் பிழைக்கு கிராக்கன் என்று கடல்பூதத்தின் பெயரை வைத்தார்கள். கலத்தையே உலகின் மையமாக வைத்து மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி நகர்த்துவதுதான் பூதத்துக்குப் போட்ட கடிவாளம். கோப்பர்நிக்கஸ் கேட்டால் வருந்துவார்.

இன்னொரு சுருக்கம் பலருக்கும் தெரியாதது. கெர்பலில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோளின் ஈர்ப்புதான் கலத்தை இழுக்கும். ஒரு கோளின் எல்லையைக் கடந்தால் அடுத்தது பொறுப்பேற்றுக்கொள்ளும். மெய்யான பயணத் திட்டங்களின் முதல் வரைவுக்கு அறிவியலாளர்களும் கையாளும் முறைதான் இது. ஆனால் இதனால் இரண்டு ஈர்ப்புகளும் சுற்றும் இயக்கமும் சமன்படும் லக்ராஞ்சு புள்ளிகள் ஆட்டத்தில் காணாமல் போகின்றன. செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலம், 2024 ஜனவரி 6ஆம் தேதி போய்ச் சேர்ந்த இடம் அத்தகைய ஒரு புள்ளியின் அருகேதான். கெர்பல் உலகில் ஆதித்யாவை நிறுத்த இடமில்லை. வேண்டுமென்றால் ‘பிரின்சிபியா’ என்ற இணைப்பை ஆட்டக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் எல்லாக் கோளும் எல்லாவற்றையும் இழுக்கும்.

இவ்வளவு பொய்யும் வழியைச் சீர்செய்தது, அவ்வளவே. ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு கோடு. வரைபடத் திரையில் உங்கள் பாதை ஒரு நீள்வட்டமாகத் தெரியும். 2012 டிசம்பரில் வந்த 0.18 வடிவத்தில், அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளியை வைத்து, இங்கே இவ்வளவு உந்தினால் பாதை எப்படி மாறும் என்று இழுத்துப் பார்க்கும் வசதியைச் சேர்த்தார்கள். எரிக்கும் முன்பே விளைவு கண்முன் வரும். மெக்டிவிட்டுக்கு இல்லாமல் போனது இதுதான். அவர் ஜன்னல் வழியே பார்த்து ஓட்டினார். உள்ளுணர்வுக்கு எதிரான இயற்பியல் அந்தக் கோட்டினால் பிடிபடும் பொருளாகிவிட்டது. அதே வடிவத்தில்தான் இரண்டு கலங்களை இணைக்கும் வசதியும் வந்தது. நாசாவில் வேலை பார்த்த படக்கதைக்காரர் ராண்டல் மன்றோ ஒரு வரைபடம் வரைந்திருக்கிறார்: இயற்பியல் பட்டம் வாங்கியபோதும் நாசாவில் சேர்ந்தபோதும் அவரது சுற்றுப்பாதை அறிவு கொஞ்சம் ஏறுகிறது, கெர்பல் ஆடிய பிறகு செங்குத்தாக எகிறுகிறது.

2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ இதே வேலையை ஒற்றைப் பொத்தானில் முடித்தது. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சமின் முதுகலைப் பட்ட வேலையாகத் தொடங்கிய ஆட்டம் அது. கோள்களின் ஆரம் சில நூறு மீட்டர்தான். அத்தனையும் உண்மையிலேயே சூரியனைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஓடும் கோளில் இறங்குவது புதியவர்களுக்கு மரண வேதனை. அதற்கு அவர்கள் விதியை வளைக்கவில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தால் கலத்தின் வேகம் குறிவைத்த கோளின் வேகத்தோடு ஒத்துப்போகும், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கோள் அசையாமல் நிற்பதாகவே நினைத்து இறங்கலாம். தானியங்கிப் பயணமும் உண்டு. ஆனால் வழியில் சூரியன் குறுக்கிட்டால் அது விலகாது. நேராக உள்ளே கொண்டுபோய்ச் சொருகிவிடும். அதில் எரியாத ஆட்டக்காரர் அபூர்வம்.

ஊகிக்க முடியாத உண்மையைக் கைவிட்டதற்கு ஹலோ கேம்ஸின் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ நல்ல சான்று. 2016இல் வெளியான அந்த ஆட்டத்தில் 18 குவின்டில்லியன் கோள்கள். சோதித்துப் பார்த்தவர்கள் கோளின் சுழற்சியைக் கண்டு குழம்பியதால், வெளியீட்டை ஒட்டியே அதன் விளைவைக் குறைத்துவிட்டதாக நிறுவனம் அறிவித்தது. விண்ணுக்குப் போய்த் திரும்புவதற்குள் விட்டுவந்த இடம் வேறெங்கோ திரும்பியிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? சுழற்சி மெய்தான். ஆனால் அதைக் கணித்துக்கொள்ள ஆட்டக்காரர் கையில் கருவி எதுவும் இல்லை. கெர்பலைப் போல் ஒரு கோட்டைக் கொடுத்திருந்தால் அந்தச் சுழற்சியும் பிழைத்திருக்கக்கூடும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்காது என்று குறை சொல்லாத விமர்சகர் கிடையாது. 2008இல் வந்த ‘டெட் ஸ்பேஸ்’ திகில் ஆட்டம் இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது. காற்றில்லாத அறைக்குள் நுழைந்ததும் சத்தமெல்லாம் அமுங்கி, சொந்த மூச்சு மட்டும் கேட்கும். பின்னால் வருவது எது என்று தெரியாது. திகில் ஆட்டத்துக்கு ஊகிக்க முடியாமைதான் மூலதனம்.

பொய்யே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆர்பிட்டர்’ இலவசமானது. கதை கிடையாது, மதிப்பெண் கிடையாது. 2016இல் வந்த ‘சில்ட்ரன் ஆஃப் எ டெட் எர்த்’ போர் ஆட்டத்தில் எதிரியைவிடப் பெரிய தொல்லை சொந்தக் கப்பலின் வெப்பம். வெற்றிடத்தில் அதை வெளியேற்ற அகலமான கதிர்வீச்சுத் தகடுகள் வேண்டும், அவற்றை எதிரி சுட்டுவிட்டால் கதை முடிந்தது. கெர்பலிலேயே மெய்யான சூரியக் குடும்பத்தைப் புகுத்தும் இணைப்புகள் உண்டு. அவற்றைத் தேடிப் போகிறவர்கள் கெர்பினில் ஏற்கெனவே நூறு ராக்கெட் வெடித்தவர்கள். அவர்களுக்கு 9,400 மீட்டர் என்பது ஊகத்துக்குள் வந்துவிட்ட எண்.

ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் இறங்கிய 1969ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர் பிடிபி-8 கம்ப்யூட்டரில் நிலவில் இறங்கும் ஆட்டம் ஒன்றை எழுதினார். படம் கிடையாது. பத்து நொடிக்கு ஒருமுறை உயரத்தையும் வேகத்தையும் தந்தித் தட்டச்சுப்பொறி தாளில் அடித்துக் காட்டும். எவ்வளவு எரிபொருள் எரிப்பது என்று ஆட்டக்காரர் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். 1973இல் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் நிரல்மொழி ஆட்டங்களின் புத்தகம் வழியாக அது உலகமெங்கும் பரவி, ஆயிரக்கணக்கானோருக்கு முதல் ஆட்டமாயிற்று. 2024இல் மார்ட்டின் சி. மார்ட்டின் என்ற நிரலாளர் அதில் மிகச் சிக்கனமாக இறங்கும் வழியைக் கணக்கிட்டு, ஆடிப் பார்த்தார். கணக்கு சொன்ன விடை ஆட்டத்தில் வரவில்லை. நிரலை வரி வரியாகப் படித்தபோது காரணம் அகப்பட்டது. ஒரு சூத்திரத்தில் இரண்டால் வகுக்க விட்டுப்போயிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளாக யாரும் அதைக் கவனிக்கவில்லை.